ஃப்ளொப்புக்குப் பிறகு

போன மாதம் கம்பஸில் எனக்கு இரண்டு பட்ச் இளையவன் ஒருவன் வட்ஸ்அப்பில் மெசேஜ் போட்டிருந்தான். “அண்ணை, நீங்கள் முந்தி ஒன்லைனில போக்கர் விளையாடினனீங்களாம். முதல் ரெண்டு கார்ட்ஸ வச்சு என்ன செய்யவேணும் எண்டு ஓரளவு பிடிபட்டிட்டுது. ஆனா ஃப்ளொப் வந்தாப்பிறகுதான் காசு போகுது. எங்க பிழை விடுறன் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ.”

மூன்று நாளாகப் பதில் போடவில்லை. நாலாம் நாள் எழுதத் தொடங்கினேன், அது நீண்டு இப்படி ஆகிவிட்டது. அவன் கேட்டது நல்ல கேள்விதான். என்னுடைய காசும் அங்கேதான் போனது. போனது என்னுடைய காசு மட்டும் என்றால் இதைப் பொதுவில் எழுதவேண்டிய தேவை வந்திராது.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாங்கள் விளையாடியது டெக்சஸ் ஹோல்டெம். ஒவ்வொருவருக்கும் மறைவாக இரண்டு கார்ட்ஸ். அதைப் பார்த்து ஒரு சுற்றுப் பந்தயம். பிறகு மேசை நடுவில் எல்லாருக்கும் பொதுவாக மூன்று கார்ட்ஸைத் திறப்பார்கள், அதுதான் ஃப்ளொப். திரும்பவும் பந்தயம். நாலாவது கார்ட் டேர்ண், ஐந்தாவது ரிவர், இரண்டுக்கும் ஒவ்வொரு சுற்றுப் பந்தயம். ஏழில் நல்ல ஐந்தைச் சேர்த்து வைத்திருப்பவருக்கு நடுவில் சேர்ந்த காசு, அதாவது பொட், முழுவதும் போகும். அல்லது மற்ற எல்லாரையும் கார்ட்ஸை எறியப்பண்ணினவருக்குப் போகும்.

எங்கள் ஊரில் 304 விளையாடாத வீடு குறைவு. அப்பா சனசமூக நிலையத்து வாங்கில் இருந்து விளையாடுவதைப் பார்த்துத்தான் நானும் பழகினேன். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2. ஒரு நிறத்துக்கு 76, நாலு நிறத்துக்கும் சேர்த்து 304. அதில் முதல் நாலு கார்ட்ஸைப் பார்த்துவிட்டுக் கேட்கவேண்டும், மற்ற நாலும் பிறகுதான் வரும். கேட்டுத் துரும்பும் வைத்துவிட்டால் பின்னால் வருவது குப்பையாக இருந்தாலும் விளையாடியே தீரவேண்டும். பின்வாங்க வழியில்லை.

போக்கரில் அப்படியில்லை. ஃப்ளொப் வந்ததும் உங்களுடைய ஏழில் ஐந்து கார்ட்ஸ் கண்ணுக்கு முன்னால் கிடக்கும். பாதியில் எறிந்துவிட்டு எழும்பலாம், அதற்கு எந்தத் தண்டமும் இல்லை. ஆனால் நான் இரண்டு வருடமாகப் போக்கரை 304 மாதிரித்தான் விளையாடியிருக்கிறேன். முதல் இரண்டு கார்ட்ஸில் ‘கேட்டுவிட்டேன்’, இனி முடியும்வரை நிற்கத்தான் வேண்டும் என்பதுபோல. கீழே எழுதப்போகிற பிழைகள் எல்லாம் அந்த ஒரு பழக்கத்தின் பிள்ளைகள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டுக் கம்பஸும் மூடினபோது எங்கள் பட்ச் பெடியள் ஆறேழு பேர் சும்மா சிப்ஸுக்கு விளையாடத் தொடங்கினோம். இரண்டு மாதத்தில் அது சலித்துவிட்டது. ஒருவன் ஒரு செயலியில் ஒரு கிளப்பைக் காட்டினான். ஏஜென்டுக்கு ரூபாயில் வங்கியில் போட்டால் அவர் டொலர்க் கணக்கில் சிப்ஸ் தருவார். அப்போது 10 டொலர் 2,000 ரூபாவுக்குள் வந்தது. ஒரு பிறந்தநாள் ‘ட்ரீட்’டுக்குச் செலவழிக்கிற காசு என்று மனதைச் சமாதானப்படுத்த முடிந்தது.

முதல் பிழை, கை பழக்கத்தில் போடுகிற பெட். ஃப்ளொப்புக்கு முதல் ரெய்ஸ் பண்ணினவர் ஃப்ளொப் வந்ததும் திரும்பப் பெட் பண்ணுவதுதான் வழக்கம் என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். அதற்குப் பிறகு யோசிக்கிறதையே விட்டுவிட்டேன். என்னிடம் ஏஸ், கிங். ஜோடியில்லாத எந்த இரண்டு கார்ட்ஸும் மூன்று தடவையில் இரண்டு தடவை ஃப்ளொப்பில் ஒரு ஜோடிகூடச் சேராது. ஆனாலும் பெட் போடலாம், ஏனென்றால் எதிராளிக்கும் அதே நிலைமைதான். இது சரி, எதிரே ஒரே ஒரு ஆள் இருந்து, ஃப்ளொப்பும் கிங், ஏழு, இரண்டு என்று மூன்று நிறத்தில் காய்ந்துபோய் வந்தால். அதே பெட்டை மூன்று பேருக்கு எதிராக, ஒன்பது, எட்டு, ஏழு என்று அடுத்தடுத்து விழுந்த ஃப்ளொப்பில் போட்டால் அது காசைக் கிணத்துக்குள் போடுகிற வேலை. அப்படியான ஃப்ளொப்பில் யாரோ ஒருவருக்கு ஏதோ ஒன்று சேர்ந்திருக்கும். பெட் போட முதல் கேட்கவேண்டியது இரண்டு கேள்வி. எத்தனை பேர் நிற்கிறார்கள்? இந்த மூன்று கார்ட்ஸும் யாருக்குப் பிடித்தமானவை, எனக்கா அவர்களுக்கா? நான் கேட்டதில்லை.

இரண்டாவது, எவ்வளவு போடுவது. ஒன்லைனில் பெட் போடுவதற்குத் திரையில் பொத்தான்கள் இருக்கும். மூன்றில் ஒன்று, பாதி, முழுப் பொட் என்று. நான் நல்ல கார்ட்ஸ் வந்தால் முழுவதையும், பயமாக இருந்தால் சின்னதையும் அமத்துவேன். ஒரு கிழமை என்னோடு இருந்தவனுக்கு என் கார்ட்ஸைப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை, பொத்தானைப் பார்த்தால் போதும். பெரிதாகப் போட்டால் எறிந்துவிட்டுப் போனார்கள், சின்னதாகப் போட்டால் மேலே ஏறி அடித்தார்கள். ‘நல்ல கார்ட்ஸ் வந்தாலும் எனக்குக் காசு வருதில்லை’ என்று நான் அதிர்ஷ்டத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சின்னப் பெட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஃப்ளொப்பில் எதிராளியிடம் ஒரே நிறத்தில் நாலு சேர்ந்திருக்கிறது, ஐந்தாவது வந்தால் ஃப்ளஷ் என்று வைப்போம். அந்த நிறத்தில் மிச்சம் 9 கார்ட்ஸ், அவன் காணாதவை 47. அடுத்த கார்ட்டிலேயே அவனுக்கு அடிப்பதற்கு வாய்ப்பு 19 வீதம். பொட்டில் 100 இருக்கும்போது நான் 10 போட்டால் அவன் 10 கொடுத்து 110க்கு விளையாடுகிறான். 12 தடவையில் ஒரு தடவை வென்றாலே அவனுக்குக் கட்டும். பாதிப் பொட், 50 போட்டால் அவனுக்கு 25 வீதம் தேவை. முழுவதும் போட்டால் 33. பின்னால் வருகிற பந்தயங்களை விட்டுவிட்டுப் பார்த்தால், 10 போட்டபோது நானே அவனுக்கு மலிவு விலையில் டிக்கெட் வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.

மூன்றாவது பிழை, கணக்கை அரைகுறையாகப் பாடமாக்கினது. எனக்கு உதவக்கூடிய கார்ட்ஸ் எத்தனை என்று எண்ணி, ஃப்ளொப்பில் நாலாலும் டேர்ணில் இரண்டாலும் பெருக்கினால் வாய்ப்பு வீதம் ஓரளவு வரும் என்று ஒரு குறுக்குவழி இருக்கிறது. 9 கார்ட்ஸ் என்றால் நாலால் பெருக்கி 36, உண்மையில் 35. இதைப் பாடமாக்கினதும் எனக்கு ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி. ஃப்ளஷுக்கு ஒரு கார்ட் குறைவாக இருக்கிற ஒவ்வொரு தடவையும் “35 வீதம் மச்சான்” என்று கோல் பண்ணினேன். ஆனால் அந்த 35 வீதம் டேர்ண், ரிவர் இரண்டையும் ஒரே விலைக்குப் பார்க்கக் கிடைத்தால் மட்டும்தான். நான் ஃப்ளொப்பில் கொடுத்த காசு டேர்ணுக்கு மட்டுமான காசு. டேர்ணில் அவன் திரும்பப் பெட் போடுவான், ரிவரைப் பார்க்க இன்னொரு தடவை கொடுக்கவேண்டும். ஒரு கார்ட்டுக்கு 19 வீதத்தை வைத்துக்கொண்டு 35 வீதத்தின் விலையை ஒரு வருடத்துக்கு மேல் கொடுத்திருக்கிறேன். நடுவில் ஒரு கார்ட் குறைகிற வரிசை இதைவிட மோசம். உதவுகிற கார்ட்ஸ் நாலே நாலு, அடுத்த கார்ட்டில் வருவதற்கு வாய்ப்பு எட்டரை வீதம். அதற்கும் கோல் பண்ணினேன். வந்த இரண்டு தடவையும் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, வராத தடவைகள் ஒன்றும் ஞாபகமில்லை.

நாலாவது, எறியத் தெரியாதவனுக்குப் புளஃப் பண்ணுவது. கையில் ஒன்றுமில்லாமல் பாதிப் பொட் போட்டால், மூன்றில் ஒரு தடவை எல்லாரும் எறிந்தால் போதும், நட்டமில்லை. முழுப் பொட் என்றால் இரண்டில் ஒரு தடவை. எதிரே ஒருவன், அவன் பாதித் தடவை எறிவான் என்றால் பாதிப் பொட் போடுவது இலாபம். எதிரே மூன்று பேர், ஒவ்வொருவரும் பாதித் தடவை எறிவார்கள் என்றால் மூன்று பேரும் ஒன்றாக எறிவது எட்டில் ஒரு தடவைதான். இதுவும் பள்ளிக்கூடக் கணக்குத்தான், ஓஎல்லுக்குப் படித்தது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு அது ஞாபகத்துக்கு வராது. அதோடு எங்கள் மேசையில் ஒரு அண்ணன் இருந்தார், இரண்டாம் நம்பர் ஜோடியோடு ரிவர்வரை வந்து கோல் பண்ணுவார். அவருக்குப் புளஃப் விளங்காது. “உந்தாள் ஒரு விசர்” என்று நாங்கள் சிரித்தோம். நான் அவருக்குத்தான் அதிகம் தோற்றேன்.

ஐந்தாவதைச் சொல்ல ஒரு கையைச் சொல்லவேண்டும்.

2022 மே மாதம். அந்த மார்ச்சில் ரூபா விழுந்து, மே மாதம் ஒரு டொலர் 360 ரூபாவுக்குப் போய்விட்டது. 10 டொலர் இப்போது 3,600. மேசையில் எண்கள் மாறவில்லை, அதே 2, அதே 10, அதே 50. திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு ரூபா தெரியாது.

அந்த நேரம் எங்கள் வீட்டுக் கிணத்து மோட்டர் எரிந்துபோனது. கரண்ட் போய் வந்த ஒருநாள் புகைந்து நின்றுவிட்டது. கொயில் சுற்றிப் பயனில்லை, புதிதுதான் போடவேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். கனடாவிலிருக்கும் அக்கா என் கணக்குக்கு 45,000 ரூபா போட்டுவிட்டு, “வாற கிழமைக்குள்ள வாங்கிப் பூட்டு, அம்மா தண்ணி அள்ளி முறிய ஏலாது” என்றாள். அந்த வெள்ளிக்கிழமை இரவு நான் அதில் ஒரு பகுதியை ஏஜென்டுக்குப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பி எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த நேரம் அது பொய்யாகத் தெரியவில்லை.

50 டொலரோடு உட்கார்ந்தேன். அரை மணித்தியாலத்தில் இரண்டு ஏஸ் வந்தது, ஸ்கோப்பனும் கிளாவரும். இரண்டு டொலருக்கு ரெய்ஸ் பண்ணினேன், மூன்று பேர் கோல். பொட்டில் 8. ஃப்ளொப்: ஹார்ட்ஸ் ஒன்பது, ஹார்ட்ஸ் எட்டு, கிளாவர் ஏழு. மூன்று பேருக்கு எதிராக, மேலே நான் எழுதிய அதே கெட்ட ஃப்ளொப். ஒருவரும் ஓடிப்போகக்கூடாது என்று 2 டொலர் மட்டும் போட்டேன். முதலாவது ஆள் 2 கொடுத்து 10க்கு விளையாடினான், அவனுக்குத் தேவை 17 வீதம். இரண்டு ஹார்ட்ஸ் கையில் இருந்தால் அவனிடம் 19 இருக்கிறது. 6 போட்டிருந்தால் அவனுக்கு 30 வீதம் தேவைப்பட்டிருக்கும். இரண்டு பேர் கோல், ஒருவன் எறிந்தான். பொட் 14.

டேர்ண் ஹார்ட்ஸ் ஜாக். இப்போது ஒரே ஒரு பத்து வைத்திருப்பவனுக்கும் வரிசை சேர்ந்துவிட்டது, இரண்டு ஹார்ட்ஸ் வைத்திருப்பவனுக்கு ஃப்ளஷ். அதுவரை கோல் மட்டும் பண்ணிக்கொண்டிருந்த அந்த முதலாவது ஆள் திடீரென்று 10 போட்டான். மற்றவன் எறிந்துவிட்டான். இரண்டு ஏஸ் என்பது ஃப்ளொப்புக்கு முதல்தான் ராசா. இந்த மேசையில் அது வெறும் ஒரு ஜோடி. எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே கோல் பண்ணினேன். பொட் 34.

ரிவரில் ஒரு கிளாவர் இரண்டு, ஒருவருக்கும் உதவாதது. அவன் மிச்சம் இருந்த 36ஐயும் தள்ளினான். எனக்கும் மிச்சம் 36தான். 70க்காக 36. மூன்றில் ஒரு தடவைக்குக் கொஞ்சம் மேல் வென்றால் கட்டும். ஃப்ளொப்பில் கோல், டேர்ணில் பெட், ரிவரில் முழுவதும். இப்படிப் போடுகிறவன் மூன்றில் ஒரு தடவை புளஃப் பண்ணுவானா? அந்த மேசையில் பத்தில் ஒரு தடவைகூட இல்லை. ஆனால் என் தலைக்குள் ஓடினது இந்தக் கணக்கு இல்லை. ‘ஏற்கெனவே 14 போட்டாச்சு. இரண்டு ஏஸை எப்படி எறிவது.’ திரையில் நேரம் குறைந்துகொண்டு போனது, அமத்திவிட்டேன்.

அவனிடம் ஹார்ட்ஸ் கிங், ஹார்ட்ஸ் நாலு.

50 டொலர், 18,000 ரூபா. ஐந்தாவது பிழை இதுதான்: போட்ட காசை இன்னும் என்னுடையது என்று நினைத்தது. பொட்டுக்குள் போன காசு என்னுடையதில்லை, மேசையினுடையது. இனிப் போடப்போகிற 36 மட்டும்தான் என்னுடையது, முடிவெடுக்கவேண்டியதும் அதைப்பற்றி மட்டும்தான். கைக்குள் விட்ட இந்தப் பிழையை உடனே கைக்கு வெளியிலும் விட்டேன். 18,000 போய்விட்டது, அதை விட்டுவிட்டு எழும்புவது எப்படி? இன்னொரு 50 வாங்கினேன். பிறகு மிச்சம் 25. விடிய நாலரைக்கு அக்காவின் காசு முழுவதும் முடிந்துவிட்டது.

கடையில் மோட்டர் இல்லை, கப்பல் வரவில்லையாம் என்று அம்மாவுக்குச் சொன்னேன். அந்த வருடம் எதைச் சொன்னாலும் நம்பக்கூடியதாக இருந்தது. பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, மா இல்லை, மோட்டரும் இல்லை. “கரண்டும் ஒழுங்கா இல்லைதானேடா, மோட்டர் இருந்தும் என்ன” என்று அம்மாவே எனக்காகச் சமாதானம் சொன்னா. நாடு சீரழிந்தது என் பொய்க்கு வசதியாகப் போய்விட்டது. இதை எழுதத்தான் எனக்குக் கனநாள் எடுத்தது.

பின்வளவில் கிடந்த பழைய கப்பியைக் கழுவி, எண்ணெய் விட்டுக் கட்டினோம். அம்மா விடிய ஐந்து மணிக்கு எழும்பித் தண்ணி அள்ளுவா. எண்ணெய் விட்டும் அந்தக் கப்பி கத்தும். நான் விளையாடி முடித்துப் படுக்கிற நேரமும் அதுதான். நான் எழும்பிப்போய் அள்ளின நாட்களும் உண்டு, போர்வையை இழுத்துத் தலையை மூடின நாட்கள் அதைவிடக் கூட. மூன்று மாதம் அப்படிப் போனது. அந்த மூன்று மாதத்திலும் நான் விளையாடினேன், 5 டொலர், 10 டொலர் என்று, மோட்டரைத் திருப்பி எடுக்க.

ஓகஸ்டில் அக்காவுக்குச் சொன்னேன். தொலைபேசியில் கனநேரம் சத்தமில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். “முழுக்கவோ?” என்று கேட்டாள். ஓம் என்றேன். “அம்மாட்ட நீதான் சொல்லவேணும். நான் சொல்லமாட்டன்.” அம்மாவிடம் கிணத்தடியில் வைத்துச் சொன்னேன். அம்மா ஏசவில்லை. கயிற்றை என் கையில் தந்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா. அன்றைக்கு முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

பிறகு ஒரு கடையில் கணக்கெழுதும் வேலைக்குப் போய், அடுத்த வருடம் சித்திரைக்கு முதல் மோட்டர் பூட்டினேன். செயலியை அழிக்க முதல், அதில் சேமிப்பில் இருந்த என் பழைய கைகளை இரண்டு நாள் இருந்து பார்த்தேன். தோற்ற பெரிய கைகளில் அதிர்ஷ்டத்தால் தோற்றவை கொஞ்சம்தான். மிச்சம் எல்லாம் நான் மேலே எழுதிய ஐந்துக்குள் அடங்கும். அநேகமான கைகளில் ஃப்ளொப்பிலேயே, இல்லாவிட்டால் டேர்ணில், எறிந்துவிட்டு எழும்பியிருக்கக்கூடிய ஒரு இடம் வடிவாகத் தெரிந்தது.

தம்பி, நீ கேட்டதுக்குப் பதில் இவ்வளவுதான். எத்தனை பேர் நிக்கினம் எண்டு பார். அந்த மூன்று கார்ட்ஸும் ஆருக்கு உதவும் எண்டு பார். நல்ல கைக்கும் கூடாத கைக்கும் ஒரே அளவு பெட் போடப் பழகு. ஒரு கார்ட்டுக்கு ஒரு கார்ட்டின்ர விலையைத்தான் குடு. எறியாதவனுக்குப் புளஃப் பண்ணாதை. போட்ட காசை மறந்திடு. இவ்வளவையும் சரியாகச் செய்தாலும் கிளப் ஒவ்வொரு பொட்டிலும் தன்ர பங்கை வெட்டும். மேசையில இருக்கிற பாதிப் பேருக்கும் இந்தக் கணக்கு உன்னைவிட நல்லாத் தெரியும். ஒன்லைனில ஒரு மணித்தியாலத்தில வாற கைகள், முன்னுக்கு இருந்து விளையாடேக்க வாறதைவிட இரண்டு மூன்று மடங்கு. பிழையும் அவ்வளவு கெதியாகக் கூடும்.

இந்தப் பிழைகள் எல்லாம் எனக்கு 2022 மே மாதத்துக்கு முதலே தெரியும். வீடியோ பார்த்திருந்தேன், கொப்பியில் எழுதியும் வைத்திருந்தேன். ஆகவே தெரியாததால் தோற்றேன் என்று உனக்கு நான் சொல்லமாட்டேன். நீ கேட்டபடி எங்கே பிழை என்று சொல்லிவிட்டேன். நீ சொல்லாதது ஒன்று இருக்கிறது: இப்ப நீ மேசையில் வைத்திருக்கிற காசு ஆருடையது? அதுக்குப் பதில் போடு, மிச்சத்தைப் பிறகு கதைப்பம்.